வட்டக் காயா, சதுரக் கட்டையா?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் மழை மதியம் கேரம் ஆடியவர்களுக்குத் தெரியும்: ஸ்ட்ரைக்கர் ஒரு நூல் விலகினாலும், ரெண்டு காயில் பட்டதும் எங்கோ போய்விடும். காயின் வளைவு சின்னப் பிழையைப் பெரிதாக்குகிறது. காய்களைப் பலகையில் ஒட்டிவிட்டு, நடுவே ஒரு துகளை ஓடவிட்டால், அதுதான் இயற்பியலாளர் லோரன்ட்ஸ் 1905-இல் யோசித்த 'வாயு'. இப்படிப்பட்ட மோதலில் கேயாஸ், அதாவது சின்னப் பிழை மளமளவென்று பெருகும் தன்மை, உண்டு என்று 1970-இல் கணிதவியலாளர் சினாய் நிறுவினார். துகள் சிதறிப் பரவுவதில் ஆச்சரியமில்லை.

அப்புறம் வட்டங்களை எடுத்துவிட்டு, ஒரே சாய்வில் சதுரக் கட்டைகளை ஒட்டுங்கள். இயற்பியலாளர்கள் பால், தத்தியானா எரன்ஃபெஸ்ட் தம்பதி 1912-இல் சொன்ன 'காற்றும் மரமும்' என்ற மாதிரியமைப்பு இது: துகள்தான் காற்று, கட்டைகள்தான் மரங்கள். துகளுக்கு நாலே திசை, ஒயிட் டவுன் தெருக்களில் சைக்கிள் விடுவது போல. பக்கத்துப் பக்கத்தில் கிளம்பிய இரண்டு துகள்கள் சேர்ந்தே போகும். நடுவில் ஒரு மூலை குறுக்கிட்டால்தான் பிரியும். சின்னப் பிழை பெருகும் வேகத்தை அளக்கும் லியாபுனோவ் எண் இங்கே பூஜ்யம், அதாவது கேயாஸ் இல்லை.

ஆனாலும் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தாறுமாறாக இறைத்தால், துகள் பரவுகிறது! 2000-இல் டெட்மன், கோஹன் என்ற ஆய்வாளர்கள் கணினியில் ஓட்டிப் பார்த்தபோது, பரவலை மட்டும் வைத்து இரண்டு பலகைகளையும் பிரித்தறிய முடியவில்லை. தாறுமாறு ஓட்டத்தில் இல்லை, கட்டைகள் கிடக்கும் விதத்தில் இருக்கிறது.

எனக்குச் சதுரம்தான் பிடிக்கும். அதிலும் கட்டைகளை ஒழுங்கு வரிசையில் வைத்தால் இன்னும் வேடிக்கை: துகள் போகும் தூரம், வழக்கமான பரவலைப் போல நேரத்தின் வர்க்கமூலமாக (1/2 அடுக்கில்) வளராமல், ஏறத்தாழ 2/3 அடுக்கில், இன்னும் வேகமாக வளர்கிறது.