கூகுள் புரொஃபைல், வாட்ஸ்அப் பிசினஸ், இன்ஸ்டா பூஸ்ட்: பெங்களூரில் சின்னக் கடைக்கு எது கைகொடுக்கிறது?

அல்சூர், காக்ஸ் டவுன், ஸ்ரீராமபுரம், விவேக் நகர் பக்கம் இட்லி மாவு, பொடி வகை, பலகாரம், பிளவுஸ் தையல் என்று தொழில் நடத்தும் நம்மவர்கள் முதலில் கேட்பது, "ஆன்லைன் விளம்பரத்துக்கு எவ்வளவு ஆகும்?" என்றுதான். தலைப்பில் உள்ள மூன்றையும் வருடக்கணக்கில் தினமும் பயன்படுத்திய அனுபவத்தில் சொல்கிறோம்: ஆரம்பத்தில் பணமே செலவழிக்க வேண்டாம். வாடிக்கையாளர் போனில் உங்கள் நம்பர் பெயரோடு சேவ் ஆகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். லைக், ஃபாலோயர் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

காரணம், ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் வேலை செய்யும் விதம். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரைச் சேவ் செய்தவருக்கு மட்டும்தான் செய்தி போய்ச் சேரும். மற்றவர்களுக்குப் போகாது, போகவில்லை என்று உங்களுக்குத் தனியாக அறிவிப்பும் வராது. "200 பேருக்கு அனுப்பினேன், நாலு பேர்தான் பதில் போட்டாங்க" என்று வருத்தப்படுகிறவர்களின் செய்தி பெரும்பாலும் 30, 40 பேருக்கு மேல் போயிருக்காது. அதனால் முதல் ஆர்டர் முடிந்த கையோடு கேட்டுவிடுங்கள்: "அக்கா, இந்த நம்பரை 'அல்சூர் மாவு'ன்னு சேவ் பண்ணிக்கோங்க, என்னிக்கு அடை மாவு போடுறோம்னு முதல் நாள் சாயங்காலமே சொல்லிடுறேன்." அவருக்கு என்ன லாபம் என்பது அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது. வெறுமனே "சேவ் பண்ணுங்க" என்றால் யாரும் செய்வதில்லை. ஸ்கேன் செய்தால் உங்கள் சாட் திறக்கும் க்யூஆர் கோடை மாவு பாக்கெட் ஸ்டிக்கரில் போடுவதும் நல்ல பலன் தரும். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பிலேயே அது இலவசமாகக் கிடைக்கிறது. ஸ்டிக்கர் குளிரில் உரிந்து வராத ரகமா என்று மட்டும் ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி வைத்துப் பார்த்துவிட்டு அச்சடியுங்கள்.

பிராட்காஸ்ட் வாரத்துக்கு ஒன்று போதும். தினமும் "குட் மார்னிங்" அனுப்பும் நம்பரை ஜனங்கள் பிளாக் செய்வார்கள், ரிப்போர்ட்டும் அடிப்பார்கள். ரிப்போர்ட் குவிந்தால் நம்பரே முடங்கும். அப்பார்ட்மெண்ட் குரூப்பிலிருந்து நம்பர்களை அள்ளிப் போட்டு அனுப்பினால் இந்த நிலை சீக்கிரமே வரும். செய்தியில் பொருள், விலை, கடைசி நேரம் மூன்றும் கட்டாயம்: "நாளை அடை மாவு, கிலோ 120. இன்று இரவு 8 மணிக்குள் சொன்னால் காலை 7-க்குள் வாசலில்." இவ்வளவு போதும். பெங்களூரில் தமிழில் மட்டும் போட்டால் பக்கத்து வீட்டுக் கன்னடக்காரரை இழப்பீர்கள். ஒவ்வொரு சாட்டுக்கும் அடையாளம் ஒட்டும் லேபிள் வசதியை வைத்து யாருக்கு எந்த மொழி என்று பிரித்துவிடுங்கள். 20 லேபிள் வரை கிடைக்கும். மொழி, ஏரியா, பாக்கி ஆகிய மூன்றுக்கே நாங்கள் பயன்படுத்துகிறோம்.

ஆப்பில் பொருட்களைப் படத்தோடு காட்டும் கேட்டலாக்கில் 500 பொருள் வரை ஏற்றலாம் என்பதற்காக எல்லாவற்றையும் ஏற்றாதீர்கள். எட்டு, பத்து பொருள் போதும். ஒவ்வொன்றிலும் எடை, விலை, எத்தனை நாள் கெடாது, எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) நம்பரின் 14 இலக்கம். இது இருந்தால் "எவ்வளவு?", "எத்தனை நாள் தாங்கும்?" என்ற கேள்விகள் பாதியாகக் குறைகின்றன. கிரீட்டிங் மெசேஜ் முதல்முறை எழுதுபவருக்கும், 14 நாள் பேச்சில்லாமல் இருந்து திரும்ப எழுதுபவருக்கும் தானாகப் போகும். அதில் வரவேற்பு வாசகத்தைச் சுருக்கி, ஆர்டர் நேரத்தையும் டெலிவரி ஏரியாவையும் எழுதுங்கள்.

கூகுள் தேடலிலும் மேப்பிலும் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் புது ஆட்களைக் கொண்டுவருவதில் இன்றுவரை முதலிடம். 2021 நவம்பர் வரை கூகுள் மை பிசினஸ் என்றிருந்தது இதுதான். தேடும் சொல்லோடு பொருத்தம், தூரம், எவ்வளவு அறியப்பட்ட கடை என்ற மூன்றையும் வைத்து வரிசைப்படுத்துகிறது. தூரம் உங்கள் கையில் இல்லை. பொருத்தம் இருக்கிறது, அதில் என்ன வகைக் கடை என்று சொல்லும் முதன்மை கேட்டகரிதான் பெரிய விஷயம். மாவு மட்டும் விற்கும் கடை 'சவுத் இந்தியன் ரெஸ்டாரண்ட்' என்று போட்டுக்கொண்டால் சாப்பிட வருபவர்கள் ஏமாந்து ஒரு ஸ்டார் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

கடைப் பெயரோடு 'பெஸ்ட் தோசா பேட்டர் இன் அல்சூர்' என்று சேர்ப்பது கூகுள் விதிக்கு விரோதம். புரொஃபைல் சஸ்பெண்ட் ஆகும், மீட்க வாரக்கணக்கில் ஆகலாம். போர்டில் உள்ள பெயரே புரொஃபைலிலும் இருக்கட்டும். கர்நாடகத்தில் பெயர்ப்பலகையில் 60 சதவீதம் கன்னடம் கட்டாயம் என்பதால் பலரும் போர்டை மாற்றினார்கள். போர்டு மாறினால் புரொஃபைலில் உள்ள புகைப்படத்தையும் மாற்ற மறக்காதீர்கள்.

கடை உங்களுடையதுதானா என்று கூகுள் சரிபார்க்கும் வெரிஃபிகேஷனுக்கு இப்போது பெரும்பாலும் வீடியோதான் கேட்கிறார்கள். வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஷாட், குறைந்தது 30 விநாடி. தெருப் பெயர்ப் பலகையில் தொடங்கி, பக்கத்துக் கடைகள், உங்கள் போர்டு, நீங்களே சாவி போட்டு ஷட்டரைத் திறப்பது, உள்ளே கிரைண்டர், ஸ்டாக் என்று முடியுங்கள். போர்டு மட்டும் காட்டி உரிமையாளர் என்பதற்கு ஆதாரம் காட்டாத வீடியோதான் அதிகம் திரும்பி வருகிறது. வீட்டிலிருந்து தொழில் செய்து, வாடிக்கையாளர் வீட்டுக்கு வராதபடி இருந்தால் முகவரியை மறைத்துவிட்டு, டெலிவரி தரும் பகுதிகளைச் சர்வீஸ் ஏரியாவாகக் கொடுங்கள். 20 ஏரியா வரை சேர்க்கலாம், ஆனால் ஏரியாவைக் கூட்டினால் அங்கெல்லாம் மேலே வருவோம் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ரிவ்யூவுக்குத் தள்ளுபடி கொடுப்பதும் விதிமீறல். கேட்பது தவறில்லை. "எது பிடிச்சிருந்துச்சோ அதை ஒரு வரி எழுதுங்க" என்றால் பொருளின் பெயரோடு எழுதுவார்கள். அடுத்து வருபவருக்கு அது ஐந்து ஸ்டாரைவிட உதவும். மோசமான ரிவ்யூவுக்கு அன்றே பொறுமையாகப் பதில் எழுதுங்கள். பண்டிகை நாள் நேரத்தை ஸ்பெஷல் ஹவர்ஸில் முன்கூட்டியே மாற்றுங்கள். வரமகாலட்சுமி விரதத்துக்கு முந்தின நாள் 'திறந்திருக்கிறது' என்று பார்த்து வந்தவர் பூட்டைக் கண்டால் மறுபடி வரமாட்டார்.

பணம் கட்டி இன்ஸ்டாகிராம் பதிவை அதிகம் பேருக்குக் காட்டும் இன்ஸ்டா பூஸ்ட்டை நாங்கள் பெரிதாகச் சிபாரிசு செய்யவில்லை. 1,500 ரூபாய் போட்டால் 18 சதவீத ஜிஎஸ்டி 270 சேர்ந்து 1,770. அதில் 12 புது ஆர்டர் வந்தால் ஓர் ஆர்டருக்கு ஏறக்குறைய 148 ரூபாய். ஒரு கிலோ மாவில் அந்த லாபம் கிடையாது. அவர்களில் எத்தனை பேர் திரும்ப வாங்குகிறார்கள் என்று லேபிள் போட்டுப் பார்த்த பிறகே அடுத்த 1,500. தையல், கேட்டரிங் போல ஒரே ஆர்டரில் ஆயிரக்கணக்கில் வரும் தொழிலுக்குக் கணக்கு வேறு, அங்கே இது கட்டுப்படியாகும். எப்படியானாலும் இலக்கை 'மெசேஜ்' என்று வைத்து வாட்ஸ்அப்புக்குத் திருப்புங்கள், கடையைச் சுற்றி டெலிவரி தரக்கூடிய தூரம் மட்டும் தேர்ந்தெடுங்கள். பெங்களூரு முழுக்கக் காட்டினால் ஒயிட்ஃபீல்டிலிருந்து கேட்பவருக்கு இல்லை என்று சொல்லியே நேரம் போகும்.

கடைசியாக, சொத்துப் பத்திரம் போலக் காக்க வேண்டியவை இரண்டு. கூகுள் புரொஃபைலில் பிரைமரி ஓனர் உங்கள் ஜிமெயிலாகவே இருக்கட்டும். ஏஜென்சிக்கு மேனேஜர் அனுமதி போதும். வாட்ஸ்அப் நம்பருக்கு டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனில் ஆறு இலக்கப் பின் போடுங்கள், அந்த சிம்முக்கு ரீசார்ஜ் தவறவே கூடாது. நம்பர் வேறொருவருக்குப் போய்விட்டால், சேவ் செய்து வைத்த அத்தனை பேரும் அவரிடம்தான் மாவு கேட்பார்கள்.