ஹெபடைட்டிஸ் பி: பிறந்த அன்றா, ஆறு வாரம் கழித்தா? சோதனை முதலா, ஊசி முதலா?

என்னிடம் ஒரு பழைய தடுப்பூசி அட்டை இருக்கிறது. அதில் மூன்று கட்டங்கள். முதல் இரண்டில் தேதியும் கையெழுத்தும் இருக்கின்றன. மூன்றாவதில் பென்சிலால் மங்கலாக எழுதிய ஒரு தேதி மட்டும். அன்றைக்குத் திரும்ப வர வேண்டும் என்பதற்காக எழுதிக் கொடுத்தது. அந்தத் தேதி போய் ஒன்பது வருடம் கழித்துத்தான் அட்டை மறுபடி கண்ணில் பட்டது. இடையில் உடம்புக்கு ஒன்றும் இல்லை, யாரும் ஞாபகப்படுத்தவும் இல்லை. அதனால் மறந்தே போயிருந்தது.

அதற்குப் பிறகு, கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோயான ஹெபடைட்டிஸ் பி பற்றி நடக்கும் 'இதுவா, அதுவா' வாதங்களை நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் எடை போடுகிறேன். இன்று வந்தவர் மறுபடி வராமலே போனால், எந்த வழி அவரை அதிகம் காப்பாற்றி வைத்திருக்கும்?

இந்த நோயில் அந்தக் கேள்விக்கு இவ்வளவு கனம் இருப்பதற்குக் காரணம், வைரஸ் சத்தமே போடாது என்பதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-இல் 25.4 கோடி பேர் நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி தொற்றோடு இருந்தார்கள். அவர்களில் தங்களுக்குத் தொற்று இருப்பது கண்டறியப்பட்டவர்கள் 13 சதவீதம்தான். அந்த ஒரே வருடத்தில் 11 லட்சம் பேர் இதனால் இறந்தார்கள். பெரும்பாலும் கல்லீரல் சுருக்கத்தாலும் கல்லீரல் புற்றுநோயாலும்.

பிறந்த அன்றா, ஆறு வாரம் கழித்தா?

ஆறு வாரம் என்பவர்களின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த வயதில் தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ் எல்லாவற்றோடும் சேர்த்து ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசியில் ஹெபடைட்டிஸ் பி-யும் வந்துவிடுகிறது. பிறந்த அன்றே பச்சைக் குழந்தையின் தொடையில் தனியாக ஒரு ஊசி எதற்கு என்று பெற்றவர்களுக்குத் தோன்றுவது இயல்பு.

ஆனால் அந்த ஆறு வார இடைவெளிதான் ஆபத்தே. தாயிடம் வைரஸ் இருந்தால் அது குழந்தைக்குப் போவது பெரும்பாலும் பிரசவ நேரத்தில். போன பிறகு நடப்பது வயதைப் பொறுத்தது. பெரியவர் ஒருவருக்குத் தொற்றினால் அது உடம்பிலேயே தங்கிவிட 5 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்புதான். பிறக்கும்போதே தொற்றினால் அந்த வாய்ப்பு கிட்டத்தட்ட 90 சதவீதம். பச்சைக் குழந்தையின் உடம்புக்கு இந்த வைரஸை எதிரி என்று பார்த்துச் சண்டை போடத் தெரியாது. சண்டை இல்லாததால் காமாலையும் வராது, யாருக்கும் சந்தேகமும் வராது. முப்பது நாற்பது வயதில் கல்லீரல் கெட்ட பிறகுதான் விஷயம் வெளியே வரும்.

தொற்று ஏற்கெனவே உள்ளே போயிருந்தாலும் ஊசி எப்படி வேலை செய்கிறது என்று கேட்கலாம். இந்த வைரஸ் மெதுவாகப் பெருகும்; நோய் தலைகாட்டவே ஒன்று முதல் ஆறு மாதம் வரை ஆகும். அது கல்லீரலில் காலூன்றுவதற்குள் ஊசி எதிர்ப்பை உண்டாக்கிவிட வேண்டும். முதல் 24 மணி நேரம் என்று கெடு வைப்பது இதனால்தான். கூட்டு ஊசியை ஆறு வாரத்துக்கு முன் போடக் கூடாது. ஆகவே முதல் நாளில் போடுவது ஹெபடைட்டிஸ் பி மட்டும் உள்ள தனி ஊசி. ஆறாவது வாரத்தில் கூட்டு ஊசியும் உண்டு. இரண்டில் ஒன்று என்று பார்க்க வேண்டியதில்லை. முதல் ஊசி மட்டும் தள்ளிப் போகக் கூடாது.

சரி, தாய்க்குச் சோதனை செய்து, தொற்று உள்ள தாய்மாரின் குழந்தைகளுக்கு மட்டும் முதல் நாளில் போட்டால் போதாதா? இந்த வழியை உண்மையிலேயே நடத்திப் பார்த்த இடம் தைவான். 1984-இல் தொடங்கியபோது தொற்றுள்ள தாய்மாரின் குழந்தைகளுக்குத்தான் போட்டார்கள். இரண்டே வருடத்தில், 1986-இல், பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் என்று விரிவாக்கினார்கள். பத்து வருடத்துக்குள் அங்கே 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் கல்லீரல் புற்றுநோய் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டது. ஒரு தடுப்பூசியால் புற்றுநோய் குறைந்ததைக் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

தாய்க்குச் சோதனை கட்டாயம் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தொற்று இருப்பது தெரிந்தால் குழந்தைக்கு ஊசியோடு இம்யூனோகுளோபுலினும் (தயார் நிலையில் உள்ள எதிர்ப்புப் புரதம்) பிறந்த 12 மணி நேரத்துக்குள் கொடுக்கலாம். தாயின் ரத்தத்தில் வைரஸ் அளவு அதிகமாக இருந்தால் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரையும் உண்டு. ஆனால் சோதனை முடிவு தொலையலாம். சோதனைக்குப் பிறகு தாய்க்குத் தொற்று வரலாம். வீட்டில் வேறு ஒருவரிடமிருந்து குழந்தைக்கு வரலாம். முதல் நாள் ஊசி இவை எதற்காகவும் காத்திருப்பதில்லை. தாய் திரும்பி வருவாரா என்ற கவலையும் அங்கே இல்லை. பிரசவித்த இடத்திலேயே குழந்தை கையில் இருக்கிறது. இவ்வளவு எளிதான இந்த ஊசி 2022-இல் உலகக் குழந்தைகளில் 45 சதவீதத்துக்குத்தான் உரிய நேரத்தில் கிடைத்தது என்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பெரியவர்களுக்கு: சோதனை முதலா, ஊசி முதலா?

ஒரு ரத்தப் பரிசோதனை முகாமில் என் முன்னால் நின்ற பெரியவர், ரத்தம் எடுக்க வந்த பையனிடம் கேட்டார்: "எனக்குக் காமாலையே வந்ததில்லையே தம்பி, இது எதுக்கு?" பையன் அவர் கையை மெல்லத் திருப்பி நரம்பைத் தேடிக்கொண்டே சொன்னான்: "இருந்தாலும் கண்ணு மஞ்சளாகாதுங்க ஐயா. அதனாலதான் பார்க்கிறது." அவர் கையை நீட்டினார். இதைவிடத் தெளிவாக இந்த நோயை யாரும் எனக்கு விளக்கியதில்லை.

சோதனைதான் முதலில் என்பவர்கள் சொல்வது: ஏற்கெனவே தொற்று உள்ளவருக்கு ஊசியால் பயன் இல்லை. அது சரிதான். அவருக்கு அதனால் கெடுதலும் இல்லை; ஆனால் 'ஊசி போட்டாச்சு' என்ற நிம்மதியில் சோதனைக்கே போகாமல் இருந்துவிடுவார். அதுதான் கெடுதல். ஊசிதான் முதலில் என்பவர்கள் சொல்வது: முடிவு வர நாளாகும், அதற்குள் பாதிப் பேர் திரும்ப மாட்டார்கள். என் அட்டையைப் பார்த்தால் அதுவும் சரி என்றுதான் படுகிறது.

என் தீர்ப்பு: இரண்டையும் ஒரே உட்காரலில் முடித்துவிட வேண்டும். ரத்தத்தை முதலில் எடுத்து, உடனே முதல் தவணையைப் போட்டு அனுப்பலாம். வரிசை மட்டும் மாறக் கூடாது. ஊசியில் இருப்பது வைரஸின் மேல்புரதம். போட்ட பிறகு சுமார் 18 நாள் வரை அதுவே ரத்தத்தில் தென்பட்டு, தொற்று இருப்பது போலச் சோதனை காட்டக்கூடும்.

சோதனை என்றால் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். எச்பிஎஸ்ஏஜி இருந்தால் வைரஸ் இப்போது உள்ளே இருக்கிறது. ஆன்டி-எச்பிஎஸ் இருந்தால் பாதுகாப்பு இருக்கிறது. ஆன்டி-எச்பிசி ஊசியால் வராது. எப்போதோ வைரஸ் உள்ளே வந்துபோனதன் தடம் அது. இந்த மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அந்தத் தடம் உள்ளவர் பின்னாளில் கீமோதெரபியோ எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தோ எடுக்க நேர்ந்தால், பதுங்கிய வைரஸ் மறுபடி தலைதூக்கலாம். மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டிய தகவல் இது.

மூன்று தவணையா, இரண்டா?

பழைய முறை 0, 1, 6 மாதம். ஈஸ்டில் தயாராகும் தடுப்பூசி 1986-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. நாற்பது வயதுக்குட்பட்ட நல்ல உடல்நலம் உள்ளவர்களில் இரண்டு தவணைக்குப் பின் சுமார் 75 சதவீதத்தினருக்கும், மூன்றுக்குப் பின் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கும் பாதுகாப்பு கிடைக்கிறது. அதாவது, என்னைப் போல் இரண்டோடு நின்றவர்களில் நாலில் ஒருவர் வெறுங்கையோடு நடக்கிறார், அது தெரியாமலே.

2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஹெப்லிசாவ்-பி என்ற தடுப்பூசி ஒரு மாத இடைவெளியில் இரண்டே தவணை. 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். வயதானவர்களிடமும் நீரிழிவு உள்ளவர்களிடமும் பழையதைவிட நன்றாக எடுபடுகிறது. கிடைக்கும் இடத்தில் நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன், முக்கியமாக ஆறாவது மாதம் என்ற அந்த மறதிக் குழி அதில் இல்லை என்பதற்காக. கிடைக்காத இடத்தில் பழையதை முழுசாகப் போட்டாலே போதும், அதில் குறை எதுவும் இல்லை. எதைப் போட்டாலும் பெரியவர்களுக்குத் தோள்பட்டைக்குக் கீழே மேல்கையில்தான் போட வேண்டும். இடுப்பில் போட்டால் எதிர்ப்பு குறைவாகவே உண்டாகிறது.

பயமுறுத்திச் சொல்வதா, பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதா?

புற்றுநோய், மரணம் என்று பெரிய எழுத்தில் எழுதிய சுவரொட்டி பார்வையை இழுக்கும். ஆனால் அதைப் படித்தவர் சோதனைக்குப் போவதைவிட, தொற்று உள்ளவரை விட்டு விலகுவதற்கே பழகிக்கொள்கிறார். கட்டிப்பிடித்தால், ஒரே தட்டில் சாப்பிட்டால், இருமினால் இது பரவாது. தாய்ப்பாலாலும் பரவாது. பரவுவது ரத்தத்தாலும் உடலுறவாலும் பிரசவத்திலும். காய்ந்த ரத்தத்தில்கூட வைரஸ் ஏழு நாள் உயிரோடு இருக்கும் என்பதால், ரேஸரும் டூத் பிரஷும் ஆளுக்கு ஒன்று வேண்டும். வீட்டில் ஒருவருக்குத் தொற்று என்றால் மற்ற எல்லோரும் சோதனை செய்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அவர் மருத்துவரிடம் தொடர்ந்து காட்டி வர வேண்டும். அவ்வளவுதான், அவரை ஒதுக்கி வைக்க இதில் ஒரு காரணமும் இல்லை.

என் அட்டை பற்றி: முதலிலிருந்து மறுபடி போட வேண்டுமோ என்று தயங்கித்தான் போனேன். நர்ஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எத்தனை வருஷம் ஆனாலும் விட்ட இடத்துலேருந்துதான் சார், கையை மடிச்சு விடுங்க" என்றார். ஊசி போட்ட பிறகு பென்சில் தேதியை அழித்துவிட்டு அந்தக் கட்டத்தில் பேனாவால் அன்றைய தேதியை எழுதினார்.