மறித்தால் அடி, விட்டால் உறிஞ்சல்: புரூஹா ஆயத்தக் கட்டு

'வம்பயர்: தி எற்றேர்ணல் ஸ்ரகிள்' என்ற காட் விளையாட்டில் காட்டேரிகள் பல குலம். அதில் சண்டைக் குலம் எது என்றால் புரூஹா. அந்தக் குலத்தின் ஆயத்தக் கட்டை, அதாவது அப்படியே விளையாடக்கூடியதாகக் கட்டி விற்கிற காட் கட்டை, வாங்கலாமா என்ற கேள்விக்கு மறுமொழி: வாங்கலாம். ஆனால் சண்டை பிடிப்பதற்காக மட்டும் வாங்கவேண்டாம். மேசையில் இருக்கிற அத்தனை பேரின் காட்டேரிகளையும் அடித்து விழுத்திவிட்டு, இரண்டு மணித்தியாலம் முடியும்போது ஒருவரையும் வெளியேற்றாமல் உட்கார்ந்திருக்கிற புரூஹா ஆட்டக்காரர்தான் இந்த விளையாட்டில் மிகச் சாதாரணமாகக் காணக்கூடிய தோல்வி.

விளையாட்டைப் பற்றி இரண்டு வரி. றிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்து 1994இல் வேறு பெயரில் வந்து, 1995இல் இப்போதைய பெயரை எடுத்தது. 2000இல் வைற் வூல்ஃப் கைக்குப் போய் 2010இல் அச்சு நின்றது. 2018இலிருந்து பிளாக் சான்ரி நிறுவனம் திரும்பவும் வெளியிடுகிறது. இன்று கிடைக்கும் ஐந்தாம் பதிப்புக் கட்டுகள் அவர்களுடையவை. பழைய காட் கையில் இருந்தால் அதையும் கலந்து விளையாடலாம்.

முந்நூற்றிநாலு விளையாடிப் பழகிய கைகளுக்கு முதலில் இடறுவது இருக்கை. முந்நூற்றிநாலில் எதிரே இருப்பவர் உங்கள் ஆள். வாய் திறந்து கதைத்தால் குழப்பம். இங்கே நாலு அல்லது ஐந்து பேர் வட்டமாக இருப்பார்கள், ஒருவருக்கும் சோடி இல்லை. இடப்பக்கம் இருப்பவர் உங்கள் இரை. வலப்பக்கம் இருப்பவருக்கு நீங்கள் இரை. ஒவ்வொருவரும் 30 கையிருப்போடு தொடங்குவார்கள். இரையின் கையிருப்பைச் சுழியமாக்கினால் அவர் வெளியே. உங்களுக்கு 1 வெற்றிப்புள்ளியும் 6 கையிருப்பும் வரும். கதைக்கலாம், பேரம் பேசலாம், ஒப்பந்தம் போடலாம். அந்த ஒப்பந்தத்தை மீறினாலும் விதி தடுக்காது.

அந்த 30தான் உயிரும் முதலும். காட்டேரியை மேசைக்குக் கொண்டுவரும் இரத்தமும் அதிலிருந்துதான் போகும். ஒரு சுற்றில் கையிருப்பிலிருந்து காட்டேரிக்கு 4 அலகு மாற்றலாம். முதல் சுற்றில் மட்டும் முதலாவது ஆளுக்கு 1, இரண்டாவது ஆளுக்கு 2, மூன்றாவது ஆளுக்கு 3, பிறகு எல்லாருக்கும் 4. ஒரு காட்டேரி கொள்ளும் இரத்தம்தான் அதன் கொள்ளளவு, எழுப்பும் விலையும் அதுவே. கொள்ளளவு 7, 6, 5 என்று மூன்று பேரை எழுப்பினால் 18 போய்விடும், மிச்சம் 12. புரூஹாவில் பெரிய மூத்தவர்களின் படம் வடிவாகத்தான் இருக்கும். ஆனால் 9, 10 கொள்ளளவுக்காரரை எழுப்ப மூன்று சுற்று காத்திருக்கிற நேரத்துக்குள் வலப்பக்கத்து ஆள் உங்கள் கையிருப்பில் பாதியை உறிஞ்சியிருப்பார். 4 முதல் 7 வரை உள்ளவர்களை வைத்துத்தான் இந்தக் கட்டு ஓடும்.

புரூஹாவுக்கு மூன்று வல்லமைகள். செலெரிற்றி வேகம், பொற்றென்ஸ் உடல்பலம், பிரசென்ஸ் மற்றவரை மயக்கும் ஆளுமை. இந்த மூன்றிலும் மறைவாகப் போகிற வழி கிடையாது, மறைவாக வரும் மற்றவரின் செயலை இடைமறிக்கிற வழியும் கிடையாது. முதல்முறை பார்ப்பவர்களுக்கு இது பெரிய ஓட்டையாகத் தெரியும். இரையின் கையிருப்பைக் குறைக்கிற உறிஞ்சல் செயலுக்கு மறைவு சுழியம். இரையின் காட்டேரி எதுவும் எழுந்து மறித்துவிடலாம். மறித்தால் என்ன நடக்கும்? சண்டை. புரூஹாவுக்கு வேண்டியதும் அதுதான். மறித்தவன் மயக்கத்தில் விழுவான், அடுத்த முறை மறிக்க ஆள் இருக்காது. மறிக்காமல் விட்டால் கையிருப்பு குறையும். மற்றக் குலங்கள் மறைவுக் காட் வைத்துச் செய்கிற வேலையை இவர்கள் பயத்தை வைத்துச் செய்கிறார்கள். ஆனபடியால் உறிஞ்சப் போகும்போதே சண்டைக் காட் கையில் இருக்கவேண்டும். வெறுங்கையோடு போய் மறிபட்டால் அந்தப் பயம் அன்றோடு முடிந்துவிடும்.

சண்டையின் ஒழுங்கு தெரியாமல் இந்தக் கட்டை ஓட்ட முடியாது. தூரம் தீர்மானிக்கும் முன், தூரம், அடிக்கும் முன், அடி, அடுத்த சுற்றுக்கு இழுப்பது, சுற்று முடிவு. ஒவ்வொரு காட்டுக்கும் அதற்குரிய வாசல் இருக்கிறது, தவறவிட்டால் திரும்ப வராது.

6 கொள்ளளவுள்ள, பொற்றென்ஸும் செலெரிற்றியும் மேல்நிலையில் உள்ள ஒரு புரூஹா, 6 இரத்தம் வைத்திருக்கும் ஒருவனைப் பிடிக்கிறது என்று வைப்போம். தூரம் தீர்மானிக்கும் முன் ரோர்ண் சைன்போஸ்ற் போட்டால் சாதாரண பலம் 1 ஆனது 3 ஆகும். தூரம் கிட்ட என்று நின்றதும், அடி தெரிவு செய்யும் முன் இம்மோர்ற்றல் கிராப்பிள். இனி இந்தச் சுற்றில் கையடி தவிர வேறு அடி இல்லை. பிறகு கையடி: 3. அவனும் அதே நேரத்தில் 1 திருப்பி அடிப்பான். அதற்குப் பிறகு பிளர் போட்டு 1 இரத்தம் கொடுத்தால் மேலும் இரண்டு அடி. இரண்டாவது அடியில் இன்னொரு 3. அவனது 6 இரத்தமும் காயம் ஆற்றியே தீர்ந்துவிட்டது, ஆனாலும் நிற்கிறான். மூன்றாவது அடிக்கு ஆற்ற இரத்தம் இல்லை, விழுகிறான். சுற்று முடிவில் ரேஸ்ற் ஒஃப் விற்றே போட்டால் அவன் இழந்த அளவு இரத்தம் உங்களுடையவனுக்கு வரும், கொள்ளளவுக்கு மேல் வந்தது வங்கிக்குப் போகும். நாலு காட், ஒரு எதிரி, அடித்தவன் நிரம்பி நிற்கிறான்.

கிராப்பிளை ஏன் விடமுடியாது? எதிரிகளில் கனபேர் மஜெஸ்ரி போன்ற 'சண்டை முடிவு' அடியை வைத்திருப்பார்கள். அந்த வகை அடி மற்ற எந்த அடிக்கும் முதலே நிறைவேறும். நீங்கள் போட்ட சைன்போஸ்ற் வீண், மஜெஸ்ரி மேல்நிலையில் போட்டவனோ நிமிர்ந்து அடுத்த செயலை மறிக்கவும் ஆயத்தமாகிவிடுவான். கிராப்பிள் அடி தெரிவுக்கு முன்னமே கதவைச் சாத்திவிடும். ஆனால் கிட்டத் தூரத்தில் மட்டும்தான். துவக்கு வைத்திருப்பவன் எட்டத் தூரத்துக்கு விலகினால் கிராப்பிள் செத்த காட். அதனால்தான் செலெரிற்றியின் விலகல் காட்டுகளைக் குறைக்கக்கூடாது. அவை எட்ட ஓடுபவனைக் கிட்ட இழுக்க. இன்னொரு பொறி கங்ரல் குலத்தின் நகம். நகத்தால் அடிப்பதும் கையடிதான், கிராப்பிள் அதைத் தடுக்காது. அந்த அடியை இரத்தத்தால் ஆற்ற முடியாது. ஒரே நேரத்தில் அடி விழுவதால் நீங்கள் அடித்தாலும் உங்களுடையவன் விழுந்துவிடுவான். கங்ரலுக்குப் பக்கத்தில் இருந்தால் முதல் அடியை வாங்காமல் தப்புகிற காட் ஒன்றிரண்டு கையில் தேவை.

ஆயத்தக் கட்டை அப்படியே ஒரு ஐந்து ஆட்டம் விளையாடுங்கள். பிறகு திருத்தவேண்டும், ஏனென்றால் ஆயத்தக் கட்டு எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் காட்டுவதற்காகச் செய்யப்பட்டது. ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய ஒரே காட் பல பிரதி வேண்டும். ஒரு காட்டை இத்தனைதான் வைக்கலாம் என்ற எல்லை இந்த விளையாட்டில் இல்லை. கையில் எடுத்துப் போடுகிற காட் உள்ள நூலக அடுக்கு 60 முதல் 90 வரை, காட்டேரிகள் உள்ள கல்லறை அடுக்கு குறைந்தது 12. நூலகத்தை 80இல் நிறுத்தினால் நல்ல பங்கீடு இது: மாஸ்ரர் (காட்டேரி இல்லாமல் ஆட்டக்காரரே நேரே போடும் காட்) 14, பம்ஸ் ரஷ் போன்ற தேடிப்போய் அடிக்கும் செயல் 10, பிரசென்ஸ் உறிஞ்சல் 8, கிராப்பிள் 10, சைன்போஸ்ற் 10, பிளர் 8, விற்றே 6, விலகலும் இழுப்பும் 8, செயல் செய்து சரிந்து கிடக்கும் காட்டேரியை மறிக்க எழுப்பும் காட் 6.

எண்ணிக்கையில் சண்டைதான் பாதிக்கு மேல் இருக்கிறது. அதில்தான் கை அடைபடும். கையில் ஏழு காட். ஒன்றைப் போட்டால்தான் ஒன்று வரும். சண்டை நடக்காவிட்டால் ஏழும் சண்டைக் காட்டாகவே நிற்கும், மாஸ்ரர் கண்ணில் படாது. சுற்றின் கடைசியில் ஒரு காட்டைக் கழித்து ஒன்று எடுக்க விதி இடம் தருகிறது. அந்த வாய்ப்பை ஒருமுறையும் விடாதீர்கள். அப்படியும் அடைபட்டால் ஆள் குறைந்த பக்கத்தைப் பார்த்து வலிந்து ஒரு சண்டை தொடங்குவது கையைத் திறக்கும்.

மாஸ்ரரில் முதல் இடம் ஃபேம் காட்டுக்கு. இரையின் காட்டேரி ஒன்றின்மேல் அதை வைத்துவிட்டு அவனை விழுத்தினால் இரைக்கு 3 கையிருப்பு போகும். அடித்து விழுத்துவது தன்னளவில் ஒரு கையிருப்பையும் குறைக்காது என்பதுதான் இந்தக் குலத்தின் அடிப்படைச் சிக்கல். ஃபேம் அந்த இரண்டையும் முடிச்சுப் போடுகிறது. ஹேவன் அன்கவர்ட் இன்னொன்று: அது வைக்கப்பட்டவனை எந்தக் காட்டேரியும் காட் செலவில்லாமல் தேடிப்போய் அடிக்கலாம், மேசையில் உள்ள மற்றவர்களும்கூட.

யாரை அடிப்பது என்பதில் கட்டுப்பாடு வேண்டும். இரையின் மறிப்பாளனை முதலில். அடுத்தது வலப்பக்கத்து ஆளின் உறிஞ்சிகளை, ஏனென்றால் வந்த உறிஞ்சலை வேறு ஒருவரிடம் திருப்பிவிடும் காட் புரூஹாவிடம் இல்லை. டொமினேற், ஓஸ்பெக்ஸ் என்ற வல்லமைகள் வைத்திருக்கும் குலங்களுக்குத்தான் அந்தச் சலுகை. எதிரே இருப்பவனைக் கோபத்தில் அடிப்பது, இன்னொருவரின் வேலையை உங்கள் இரத்தத்தால் செய்து கொடுப்பது. விழுந்தவனைக் குடித்து அழிக்கவும் ஆசைப்படவேண்டாம். குடித்தவனைக் கொல்லலாமா என்று உடனே மேசை வாக்கெடுக்கும். நீங்கள் ஏற்கெனவே நாலு பேரை அடித்திருந்தால் யாரும் உங்களுக்கு வாக்குப் போடமாட்டார்கள். மயக்கத்தில் விட்டால் அவனை எழுப்ப எதிராளிக்கு ஒரு செயலும் 2 இரத்தமும் செலவு, அதுவே போதுமான தொல்லை.

இந்தக் குலத்தின் கதை ஆட்டத்தை விளங்க உதவும் வகையில் எழுதப்பட்டிருக்கிறது. புரூஹாக்கள் தங்களை வெறும் சண்டியர்களாக நினைப்பதில்லை, சிந்தனையாளரான போர்வீரர்களாக நினைக்கிறார்கள். அவர்களின் பழங்கனவு கார்த்தேஜ்: மனிதரும் காட்டேரிகளும் ஒளிவுமறைவில்லாமல் சேர்ந்து வாழ்ந்ததாக அவர்கள் சொல்லும் நகரம். உரோமர் கி.மு. 146இல் அதை எரித்து அழித்தது வரலாறு. உரோமின் பின்னால் வென்ற்ரூ குலம் நின்றது என்பது விளையாட்டின் கற்பனை. அன்றிலிருந்து இந்தப் பகை ஆறவில்லை. தங்கள் குலமுதல்வனையே ரொயில் என்ற பிள்ளை கொன்று குடித்தது என்ற இன்னொரு கறையும் கதையில் இருக்கிறது. மற்றக் குலத்தவரைவிடச் சுருக்காக வெறி ஏறுவது இவர்களின் சாபம். எரிந்த நகரத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருப்பது எப்படியிருக்கும் என்று யாழ்ப்பாணத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கட்டில் பிரசென்ஸ் ஏன் இருக்கிறது என்பதற்கும் இந்தக் கதைதான் காரணம்: இவர்கள் கூட்டத்தை எழுப்பத் தெரிந்தவர்கள். பழைய பதிப்புகளில் பிரின்ஸ் பட்டத்துக்கு 2 வாக்கு, ஜஸ்ரிகாருக்கு 3 வாக்கு என்று பட்டம் உள்ள புரூஹாக்கள் இருக்கிறார்கள். அவர்களை வைத்து வாக்கெடுப்புக் கட்டும் கட்டலாம். ஆனால் அது வேறொரு கட்டு. சண்டைக் கட்டுக்குள் நாலு வாக்குக் காட்டைச் செருகினால் இரண்டும் கெடும்.

இனி வாங்குவதும் பேணுவதும். பெரும்பாலும் ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருபவரின் பையில்தான் வந்து சேரும். சொல்லிவிடும்போது அதே கட்டையே இரண்டு வாங்கச் சொல்லுங்கள், திருத்தத் தேவையான இரட்டைப் பிரதிகள் அதிலேயே கிடைக்கும். பழைய காட்டேரிகளைக் கலப்பதென்றால் காட்டில் உள்ள தொகுதி எண்ணைப் பாருங்கள். ஒரே தொகுதி அல்லது அடுத்தடுத்த இரண்டு தொகுதி மட்டுமே கல்லறை அடுக்கில் இருக்கலாம். 4உம் 5உம் சரி, 3உம் 5உம் கூடாது. நூலகக் காட்டின் முதுகு பச்சை, கல்லறைக் காட்டின் முதுகு வேறு நிறம். 1994 அச்சின் முதுகு பிந்திய அச்சோடு ஒத்துவராது, கலந்தால் எது வருகிறது என்று பின்னாலிருந்தே தெரிந்துவிடும். ஆகவே 63க்கு 88 மில்லிமீற்றர் அளவில், முதுகு தெரியாத உறை, இரண்டு நிறத்தில் வாங்கவேண்டும். மாரியில் உறை போடாத காட் ஈரம் குடித்து வளையும், வளைந்த காட் கலைக்கும்போது அடையாளமாகிவிடும்.

எண்ணிக் குறிக்க ஐந்து பேருக்கு 150, வங்கிக்கு இன்னும் 50. புளியங்கொட்டை இருநூறு கழுவிக் காயவைத்தால் போதும். காட்டேரியின்மேல் இருப்பது இரத்தம், மேசையில் முன்னால் இருப்பது கையிருப்பு. இரண்டையும் ஒரே கொட்டையால் எண்ணலாம், ஆனால் கையிருப்பை ஐந்தைந்தாக அடுக்கி எல்லாருக்கும் தெரியும்படி வையுங்கள். இடப்பக்கத்து ஆளிடம் 3 மட்டும் மிஞ்சியிருப்பது கண்ணில் பட்டால்தான் அந்தச் சுற்றில் அடிக்கப்போகாமல் உறிஞ்சப்போகத் தோன்றும்.