செம்மண் புழுதிக்கு எந்த ஏர் ஃபில்டர்: காகிதமா, கழுவிப் போடும் பருத்தியா?

பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் இடையே முந்திரித் தோப்புகளுக்குள் ஜீப் ஓட்டுகிறவர்களுக்கு, முன்னே போகும் வண்டி கிளப்பிவிட்ட செம்மண் புழுதி எவ்வளவு நேரம் அடங்காமல் காற்றில் நிற்கும் என்பது தெரிந்திருக்கும். புதுச்சேரிக்கு மேற்கே திருவக்கரையிலும் இந்தப் பக்கம் நெய்வேலியிலும் இந்த மண்ணுக்கு அடியில் கிடக்கும் பாறைக்குப் புவியியலாளர்கள் இட்ட பெயரே கடலூர் மணற்பாறை. அது பொடிந்து வரும் மணலில் குவார்ட்ஸ் மிகுதி. மோஸ் கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸின் மதிப்பு 7. சிலிண்டரின் வார்ப்பிரும்பு அதைவிட மென்மையானது என்பதால், உள்ளே போகும் புழுதி பிஸ்டன் ரிங்குகளுக்கு அரமாகவே வேலை செய்கிறது.

2.2 லிட்டர் டீசல் என்ஜின் ஒன்று நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடும்போது, காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போவைக் கணக்கில் சேர்க்காமலேயே, நிமிடத்துக்கு ஏறத்தாழ 2200 லிட்டர் காற்றை இழுக்கிறது. இவ்வளவு காற்றையும் வடிகட்டும் பொறுப்பை மடிப்பு மடிப்பான காகிதத்திடம் விடுவதா, எண்ணெய் தடவிய பருத்தித் துணியிடம் விடுவதா என்பதுதான் கேள்வி.

பிசின் ஏற்றிய காகித ஃபில்டரின் வலிமை அதன் வடிகட்டும் திறன். ஏர் ஃபில்டர்களுக்கான பன்னாட்டுச் சோதனைத் தரமான ஐ.எஸ்.ஓ. 5011 முறைப்படி ஆய்வுக்கூடத்தில் சோதிக்கும்போது தரமான காகித ஃபில்டர்கள் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட தூசியைப் பிடித்துவிடுகின்றன. பருத்தி வகைகள் பெரும்பாலும் அதற்குச் சற்றுக் கீழே நிற்கின்றன. இரண்டு மூன்று விழுக்காடுதானே என்று இதைக் கடந்துவிடக் கூடாது. 100 கிராம் புழுதி வந்து மோதுகிறது, ஒன்று 99.5 விழுக்காட்டையும் மற்றொன்று 97 விழுக்காட்டையும் தடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், முதலாவது அரை கிராமை உள்ளே விடுகிறது, இரண்டாவது மூன்று கிராமை விடுகிறது. அதாவது என்ஜினுக்குப் போகும் மண் ஆறு மடங்கு. தார்ச்சாலையில் மட்டும் ஓடும் காருக்கு இந்த வேறுபாடு ஆண்டுக்கணக்கில்கூடப் புலப்படாமல் போகலாம், தோப்புக்குள் ஓடும் வண்டிக்கு அப்படியல்ல.

காகிதத்துக்கு இன்னொரு குணமும் உண்டு: மேலே படியும் தூசிப் படலமே கூடுதல் சல்லடையாகி, அடுத்து வரும் நுண்துகளைத் தடுக்கிறது. ஆகவே வாரந்தோறும் கழற்றி, டயரில் தட்டி, கம்ப்ரசரில் காற்று அடிப்பது நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்யும். அதிக அழுத்தத்தில் அடித்த காற்று காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகளை இடும். அதன் பிறகு அந்த ஃபில்டர் பார்வைக்குச் சுத்தமாக இருக்கும், வேலைக்கு உதவாது. நம் பட்டறைகளில் இந்தப் பழக்கம் இன்னும் இருப்பது எனக்குப் பெரும் வருத்தம்.

கழுவிப் பயன்படுத்தும் பருத்தி ஃபில்டர், அலுமினிய வலைகளுக்கு நடுவே பல அடுக்குத் துணியை வைத்து எண்ணெய் ஊட்டியது. காற்று இதில் தடையின்றிப் பாயும் என்பது உண்மை. ஆனால் அதனால் மைலேஜ் கூடும் என்று சொல்லப்படுவதை நான் ஏற்கவில்லை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் வெளியிட்ட ஆய்வில், கணினி கட்டுப்படுத்தும் பெட்ரோல் கார்களில் அடைத்துப்போன ஃபில்டர்கூட எரிபொருள் செலவைக் குறிப்பிடும்படி மாற்றவில்லை, வேகம் எடுக்கும் திறன்தான் குறைந்தது. அடைத்த ஃபில்டரே செலவைக் கூட்டாதபோது, சுத்தமான காகிதத்துக்குப் பதிலாகப் பருத்தியைப் போடுவதால் எவ்வளவு மிச்சமாகிவிடும்?

விலை பல மடங்கு ஆனாலும் ஒருமுறைதான் வாங்குகிறோம் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் அதனுடன் உழைப்பும் சேர்ந்து வருகிறது. அதற்குரிய கரைசலில் ஊறவைத்து, சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கத்தை நோக்கி மெல்லிய நீரால் அலசி, நிழலில் முழுக்க உலர்த்தி, பிறகு அளவாக எண்ணெய் விட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கடலூர்க் காற்றில் உள்ள ஈரத்தில் அது எளிதில் காய்வதில்லை. நான் ஒருமுறை அவசரத்தில் எண்ணெயைக் கூடுதலாக விட்டேன். உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சாரின் சூடான கம்பியில் அது படிந்து, எச்சரிக்கை விளக்கு எரிந்து, வண்டி இழுவை இழந்தது. எண்ணெய் குறைந்தாலோ தூசி ஒட்டாமல் நேரே உள்ளே போய்விடும்.

பல நாள் பயணத்துக்குக் கழுவும் ஃபில்டர்தான் ஏற்றது என்றும் சொல்வார்கள். வழியில் கழுவிக் காயவைக்க ஒரு நாள் எங்கே கிடைக்கும்? எடையே இல்லாத காகித ஃபில்டர் ஒன்றை உறையோடு சீட்டுக்குப் பின்னால் வைத்திருந்தால், ஐந்து நிமிடத்தில் மாற்றிவிட்டுக் கிளம்பலாம். தென்பெண்ணையில் இறங்கும்போது நனைந்துவிட்டால் காகிதம் ஊறிக் காற்றை அடைக்கும், கிழியவும் கூடும் என்பது அதன் மெய்யான குறை. அதற்காகவும் அந்த மாற்று ஃபில்டர் தேவை. தண்ணீரை என்ஜினுக்குள் விடாமல் காக்கும் ஆற்றல் பருத்திக்கும் இல்லை.

ஒவ்வொரு கழுவலையும் தாமே பொறுமையாகச் செய்கிறவர், புழுதிப் பயணம் குறைவாக உள்ளவர் பருத்தியைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. செம்மண்ணிலும், 2024 டிசம்பர் வெள்ளம் தென்பெண்ணைக் கரையில் விட்டுச் சென்றது போன்ற, காய்ந்தால் மாவாகப் பறக்கும் வண்டலிலும் ஓட்டுகிறவருக்குக் காகிதத்தையே சொல்வேன்; இயன்றால் அதற்கு முன்னால், காற்றைச் சுழற்றிப் பெருந்தூசியை உதறும் முன்வடிகட்டி ஒன்றையும் பொருத்திக்கொள்ளலாம்.

எதைப் போட்டாலும், ஃபில்டருக்கு அப்பால் என்ஜினை நோக்கிச் செல்லும் குழாயின் உட்புறத்தை மாதம் ஒருமுறை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் சிவப்பு தெரிந்தால், ஃபில்டரைக் குறை சொல்வதற்கு முன் அதன் விளிம்பு ரப்பர் பெட்டியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, நான்கு கிளிப்புகளும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.