எஞ்சின் விக்க மாட்டேன்னு சொன்ன கடை

முதல்லயே சொல்லிடுறேன், கடை பேரு போட மாட்டேன். அண்ணாச்சி கண்டிச்சு சொல்லிட்டாரு, "பேர போட்டீன்னா ஞாயித்துக்கிழமை கூட்டம் வந்துரும் தம்பி, அப்புறம் நான் மிக்ஸி மோட்டார எப்ப சுத்துறது"ன்னு. புனலூர்ல, 1877ல கட்டுன தொங்குபாலம் இருக்குல்ல, அங்கருந்து நடந்து போற தூரம். வெளியில பாத்தா சாதாரண மோட்டார் வைண்டிங் கடைதான், செம்புக் கம்பி, வார்னிஷ் வாசம், பாதி கழட்டுன கிரைண்டர். உள் ரூம்ல திரைய விலக்குனா மாடல் ரயில். செங்கோட்டை தென்காசி பக்கம் இந்தக் கிறுக்கு புடிச்சவங்க எனக்குத் தெரிஞ்சு நாலு பேரு, நாலு பேருக்கும் வழி தெரியும், கேட்டுக்கோங்க.

அவரும் பொறந்தது நம்ம செங்கோட்டைதான், கல்யாணம் பண்ணி அந்தப் பக்கம் போயி முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, தமிழ் பேசிட்டே இருப்பாரு, கோவம் வந்தா மட்டும் மலையாளம் வந்துரும்.

எனக்கு இந்தப் பைத்தியம் புடிச்சது 2010ல. கொல்லம் லைன்ல மீட்டர் கேஜ நிறுத்துனாங்கல்ல, அப்ப. 1904ல இருந்து ஓடுன வண்டி. பகவதிபுரம் தாண்டி குகைக்குள்ள நுழையுறப்ப எல்லாரும் சேந்து ஊளையிடுவோம், அதெல்லாம் ஒரே நாள்ல நின்னு போச்சு, திரும்ப பிராட் கேஜ்ல மலை மேல வண்டி ஏறுனது 2018லதான். நடுவுல எட்டு வருஷம் தண்டவாளத்தப் புடுங்கி வச்ச மலையப் பாத்துட்டு உக்காந்திருந்த கடுப்புலதான் மச்சு ரூம்ல 8க்கு 4 ப்ளைவுட் போட்டு நானே ஒரு லைன் ஆரம்பிச்சேன்.

கடைக்கு முதல் தடவ போனது ஒரு டபிள்யூடிஎம்2 வாங்க. நம்ம ஆல்கோ டீசல் எஞ்சின், 1962ல அமெரிக்கால இருந்து வந்து 1964ல இருந்து வாரணாசிலயே செஞ்சது, அதோட ஹெச்ஓ மாடல், அதாவது நெசத்துல 87ல ஒரு பங்கு, 1:87, கிட்டத்தட்ட 20 சென்டிமீட்டர் நீளம். காசு பையில ரெடி. அண்ணாச்சி பெட்டியத் திறக்காம "உன் வளைவு ரேடியஸ் என்ன"ன்னாரு. தெரியல, செட்டோட வந்த ட்ராக்குன்னேன். "செட்டோட வந்ததுன்னா 371 இல்லாட்டி 438"ன்னு சொல்லிட்டு ஒரு பலகைய எடுத்து மேசையில போட்டாரு, அதுல 371 மில்லி வளைவு ஆணி அடிச்சிருக்கு. அந்த எஞ்சின அதுல வச்சு விரலால தள்ளுனாரு. முன்னால மூணு பின்னால மூணுன்னு ஆறு ஆக்ஸில், வளைவுல நுழைஞ்சதும் மூக்கு வெளிய போவுது, நடு வயிறு உள்ள போவுது, மூணாவது தள்ளுல முன் சக்கர செட்டு தண்டவாளத்த விட்டுக் கீழ எறங்கிருச்சு.

"இப்ப இத உனக்குத் தர மாட்டேன். பைசாவ ட்ராக்குல போடு, எஞ்சின் எங்கயும் போவாது."

கடைக்காரன் எவனாவது இப்படி சொல்லுவானா? எனக்கு பயங்கர கோவம். ஆரியங்காவு வர வரைக்கும் பஸ்ல புலம்பிட்டே வந்தேன்.

ஆனா மனுஷன் சொன்னது கணக்குப்படி சரி. 4 அடி அகலம்னா 122 சென்டிமீட்டர், அதுல 572 மில்லி ரேடியஸ் பெரிய வளைவு அப்படி இப்படி உக்காந்துரும், ஓரத்துல நாலு விரக்கட கூட மிஞ்சாது, ஆனா உக்காரும். பாலம்தான் இன்னும் மோசம். கழுதுருட்டி பக்கத்துல இருக்குற பதிமூணு கண் பாலத்த எப்படியாவது செஞ்சிரணும்னு எனக்கு வெறி, கீழ ஒரு லைன் மேல ஒரு லைன்னு வரைஞ்சு எடுத்துட்டுப் போனேன். ஒரு லைனுக்கு மேல இன்னொண்ணு தாண்டணும்னா ஹெச்ஓல ஏழரை சென்டிமீட்டராவது தூக்கணும், நூறுக்கு மூணு ஏத்தம்னு வச்சா அதுக்கே ரெண்டரை மீட்டர் ஓடணும். என் ப்ளைவுட்டோட நீளப் பக்கம் மொத்தமே 244 சென்டிமீட்டர். ஒரு பக்கம் முழுசும் ஏறுனாலும் பாலம் வரல! பேப்பர்ல நான் வரைஞ்சது ரயில் இல்ல, ராட்டினம்னு சிரிச்சாரு. கடைசில கீழ லைன எடுத்துட்டு ஓடை விட்டுட்டோம், நெசப் பாலத்துக்குக் கீழயும் ரயிலா போவுது?

இன்னொரு கூத்து. வண்டி பகவதிபுரம் போயி தன்னால திரும்பி வரணும்னு ஒரு சுத்து போட்டேன், போன ட்ராக்குலயே வந்து சேர்ற மாதிரி. ஸ்விட்ச் போட்டா கன்ட்ரோலர் கீன்னு கத்துது. போன்ல சொன்னா புரியாதுன்னு நேர்ல வரச் சொன்னாரு. சிவப்பு நூல் பச்சை நூல் ரெண்டையும் எடுத்து ரெண்டு தண்டவாளத்து மேலயும் போட்டு சுத்தி வந்தாரு, சேர்ற இடத்துல சிவப்பும் பச்சையும் நேருக்கு நேர் முட்டிக்கிச்சு. அவ்வளவுதான் விஷயம், ரெண்டு தண்டவாளத்துல கரென்ட் போறப்ப ஒரு சுத்து சுத்தி வந்தா இடது வலதாயிரும், ஷார்ட். ரெண்டு முனையிலயும் தண்டவாளத்த வெட்டி பிரிச்சு அந்தத் துண்டுக்கு மட்டும் கரென்ட்ட தன்னால மாத்திப் போடுற தனி ஆட்டோ ரிவர்சர். நூல் காட்டுனதுக்கு காசு வாங்கல, ரிவர்சருக்கு மட்டும் வாங்குனாரு.

சர்வீஸ் பத்தி சொல்லாட்டி இந்த விமர்சனம் எழுதி பிரயோஜனம் இல்ல. தப்பு முழுக்க என்னோடதுதான். ஜல்லி போடணும், வாங்குற ஜல்லி பாக்கெட் விலை ஜாஸ்தி, கொல்லம் பீச்சுக்குப் போனப்ப கருப்பு மண்ணு நல்லா பொடியா இருந்துச்சு, ஒரு டப்பா அள்ளிட்டு வந்து சலிச்சு ஃபெவிக்கால தண்ணில கரைச்சு ரெண்டு சொட்டு விம் விட்டு ஒட்டுனேன். பாக்க பிரமாதம். மூணாம் நாள் என்கிட்ட இருந்த சின்ன ஷண்டிங் எஞ்சின் கரகரன்னு சத்தம் போட்டு நின்னுருச்சு.

அண்ணாச்சி அத வாங்கி காதுகிட்ட வச்சு சக்கரத்த நகத்தால சுத்துனாரு. ஒண்ணும் சொல்லல. பக்கத்துல ஒரு பழைய இட்லித் தட்டு, அதுதான் அவரோட ட்ரே, ஒவ்வொரு குழியிலயும் ஒவ்வொரு ஸ்க்ரூ, கழட்டுன வரிசைப்படி. மூடி, வெயிட், கியர், ஒண்ணொண்ணா குழிக்குப் போவுது. கடைசில மோட்டார வெளிய எடுத்து என் கண்ணு முன்னாடி புடிச்சாரு, காந்தத்தச் சுத்தி கருப்பு மண்ணு தாடி மாதிரி செலிர்த்துட்டு நிக்கிது. "எவிடுன்னா இது?" மலையாளம் வந்துருச்சு, நான் பம்மிட்டேன். சவறா, மணவாளக்குறிச்சி, அந்தக் கடற்கரை மண்ணுல காந்தம் இழுக்குற இல்மனைட்டு கனிமம் ஜாஸ்தி, அரசாங்கமே அள்ளி எடுக்குற மண்ணு, காந்தம் பாத்தா விடுமா? ஒட்டாம கிடந்த துகள் எல்லாம் எஞ்சின் வயித்துக்குள்ள ஏறியிருக்கு. ஒரு ஸ்பீக்கர் காந்தத்த பிளாஸ்டிக் கவர்ல போட்டு கையில குடுத்தாரு, வீட்டுக்குப் போயி ட்ராக் மேல ஓட்டு, எவ்ளோ வருதுன்னு பாருன்னு. கால் டப்பா வந்துச்சு. மிச்சத்த சுரண்டி எடுத்துட்டு இப்ப குவாரித் தூள சலிச்சுப் போட்டிருக்கேன், போடுறதுக்கு முன்னாடி காந்தம் வச்சுப் பாத்துதான்.

கழட்டி சுத்தம் பண்ணி கிரீஸ் போட்டு 600 ரூபா வாங்குனாரு. சக்கரம் ரெண்டோட உள் இடைவெளிய கேலிப்பர்ல அளந்து பாத்து 14.5 மில்லிக்குக் கொண்டாந்து குடுத்தாரு, நான் கேக்கவே இல்ல. மோட்டார் விஷயத்துல இந்தப் பக்கம் அவர அடிச்சுக்க ஆளில்ல, முப்பது வருஷமா கம்பி சுத்துன கை.

குறை இல்லாம இல்ல. ஏகப்பட்டது இருக்கு. சாயங்காலம் நாலு மணிக்கு மேலதான் உள் ரூம் திறப்பாரு, ஊர்ல எங்கயாவது போர்வெல் மோட்டார் எரிஞ்சா அதுவும் கிடையாது, நான் ரெண்டு தடவ பூட்டுன கதவப் பாத்துட்டுத் திரும்பியிருக்கேன். பெயின்ட் வேலைக்கு தயவு செஞ்சு குடுக்காதீங்க. ஒரு பெட்டிக்கு நீலம் கேட்டேன், ரெண்டு மாசம் கழிச்சு வந்த நீலம் பம்ப் செட்டு நீலம், சந்தேகமே இல்ல அந்த டப்பால மிஞ்சுனதுதான். ஹெச்ஓவ விடச் சின்னதான "N" ஸ்கேல் ஆளுங்க போகவே வேணாம், 9 மில்லி ட்ராக்க அவரு ஒரு ட்ராக்காவே மதிக்க மாட்டாரு. வாங்க வந்தவங்கள அடுத்தவங்க முன்னாடி திட்டுவாரு, ஒரு அப்பா பையனக் கூட்டிட்டு வந்தவரு மூஞ்சி சுருங்கிப் போயி எறங்குனத நான் பாத்தேன், அது எனக்குப் புடிக்கல, அண்ணாச்சிகிட்டயும் சொன்னேன்.

ஒய்டிஎம்4 கேட்டும் திட்டு வாங்கியாச்சு. நம்ம மலையில ஏறுன டீசல் அதானே, ஆசை இருக்காதா. அந்த ஆல்கோ குடும்பத்து எஞ்சின்தான் அலாஸ்கா பக்கம் ஒயிட் பாஸ் மலை ரயில்லயும் ஓடுச்சுங்கறது அவரு சொல்லித்தான் தெரியும். ஆனா மீட்டர் கேஜுன்னா 1:87ல தண்டவாள இடைவெளி 11.5 மில்லி, கடையில கிடைக்கிற 12 மில்லி ட்ராக் போட்டா சரியாயிரும், என் மேசையில கிடக்குறது 16.5. "இன்னொரு மேசை போடப் போறியா, வீட்டுல கேட்டியா"ன்னாரு. கேக்கல.

ட்ராக் முழுசா மாத்தி 572 வளைவு போட்டு முடிக்க ஒரு வருஷம் ஓடிருச்சு. ஜாயின்ட் எல்லாத்தையும் சால்டர் வச்சு இறுக்கிட்டேன்னு பெருமையா சொன்னதுக்கு அடுத்த சித்திரைல ஓட்டுக் கூரை வெயில்ல ஒரு நேர் ட்ராக் பாம்பு மாதிரி நெளிஞ்சுருச்சு, விரியறதுக்கு எடமே விடல. சாரல் டயத்துல ப்ளைவுட் ஊதி அது வேற. இப்ப அங்கங்க நூல் இடைவெளி விட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் அடியில தனித்தனியா ஒயர் எறக்கியிருக்கேன், துண்டுகள இணைக்கிற ஜாயினர நம்பி கரென்ட் விட்டா மேசையோட அந்த மூலைல வண்டி தள்ளாடும். டிசிசிங்கற டிஜிட்டல் கன்ட்ரோலுக்கு மாறுனதும் அவரு குடுத்த பரீட்சை இது: ரெண்டு ரூபா காச தண்டவாளம் ரெண்டுக்கும் குறுக்க வை, கன்ட்ரோலர் உடனே கட் ஆவணும். எங்கயாவது வச்சும் கட் ஆவலன்னா அங்க ஒயர் பத்தல, நெசமா ஷார்ட் ஆவறப்ப எஞ்சின் உருகிரும். இருபத்தி ரெண்டு இடத்துல காசு வச்சேன், ரெண்டு இடத்துல சும்மா இருந்துச்சு, ரெண்டும் குகைக்குள்ள, குனிஞ்சு கை விட்டு சால்டர் வச்சதுல முழங்கையில இன்னும் தழும்பு இருக்கு. அப்புறம் வீடியோ எடுத்து அனுப்புனேன்.

பதில் ஒரே வரி. "ஞாயிறு வா, பெட்டி எடுத்து வச்சிருக்கேன்." முதல் நாள் பாத்த அதே டபிள்யூடிஎம்2, அதே விலை, ஒரு ரூபா ஏத்தல. நடுவுல அத ரெண்டு பேரு கேட்டாங்களாம், விக்கலையாம்.

போறவங்களுக்கு ரெண்டு விஷயம். கிளம்புறதுக்கு முன்னாடி போன் பண்ணிருங்க. போறப்ப உங்க ட்ராக்குல ஒரு துண்டும் மேசையோட அளவும் கையில இருக்கட்டும், இல்லாம போனா திட்டு நிச்சயம். முடிஞ்சா ரயில்லயே போங்க, முன்னால ஒரு எஞ்சின் இழுக்க பின்னால ஒண்ணு தள்ள அந்த ஏத்தம் பாக்கவே டிக்கெட் காசு தகும்.

எஞ்சின் ரெண்டு நாள் வெண்ணெயா ஓடுச்சு, ஆறு பெட்டி இழுத்துட்டு பாலம் தாண்டுறப்ப வீட்டுல அவளே வந்து நின்னு பாத்தா. மூணாம் நாள் தண்டவாளம் பிரியிற பாயின்ட் கிட்ட கடைசிப் பெட்டி கீழ எறங்கிருச்சு. போன் போட்டேன்.

"சக்கரத்த அளந்தியா?"

அளக்கல. கேலிப்பர் வாங்கணும்.