ஏ1 சான்றிதழோடு வந்தும் மறுபடி ஏ1: பல்கலைக்கழக மொழி மையத்தில் ஒரு பருவம்

போன அக்டோபரில் முதுகலை படிக்க ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்துக்கு வந்து இறங்கியபோது என் பையில் ஏ1, அதாவது ஜெர்மன் மொழியின் ஆரம்ப நிலைச் சான்றிதழ் இருந்தது. திருச்சியில் ஒரு பயிற்சி மையத்தில் மூன்று மாதம் படித்து, சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதி, நூற்றுக்கு 78 வாங்கியிருந்தேன். 60 வாங்கினாலே தேர்ச்சி. அதனால் அன்றாடப் பேச்சைச் சமாளித்துவிடலாம் என்று நம்பித்தான் வந்தேன். முதல் வாரத்திலேயே விடுதிக் காவலாளி சாவி கொடுக்க "ஹல்ப் நொய்ன்" மணிக்கு வரச் சொன்னார். நொய்ன் என்றால் ஒன்பது, ஹல்ப் என்றால் அரை, ஆக ஒன்பதரை என்று எடுத்துக்கொண்டு போய் நின்றேன். ஆள் இல்லை. அவர் சொன்னது எட்டரை. இரண்டு பெட்டியோடு மதியம் வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். இந்தப் பாடம் திருச்சியிலும் நடத்தியதுதான், நோட்டில் கூட இருக்கிறது. ஆனால் காகிதத்தில் பார்த்ததை ஒருவர் வாயிலிருந்து வேகமாக வரும்போது பிடிக்கக் காது பழகியிருக்கவில்லை.

அதனால்தான் எங்கள் பல்கலைக்கழக மொழி மையத்தில் புதிதாக வந்தவர்களுக்கு நடத்தும் ஏ1 வகுப்பில் சேர்ந்தேன். நிலை பார்க்கும் தேர்வில் ஏ1-இன் இரண்டாம் பாதியில் உட்காரலாம் என்றார்கள், நான்தான் முதல் பாதியைக் கேட்டு வாங்கினேன். "பாஸ் பண்ணினதையே எதுக்குடி மறுபடி படிக்கிற?" என்று பக்கத்து அறை மதுரைத் தோழி கேட்டாள். ஒரு பருவம் முழுக்கப் படித்து முடித்த பிறகு அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எல்லோருக்கும் எழுதுகிறேன். ஏனென்றால் ஆங்கில வழிப் படிப்புதானே, ஜெர்மன் எதற்கு என்று வருகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். 2023-24 குளிர்காலப் பருவத்திலேயே இந்திய மாணவர்கள் இங்கே 49,000 பேரைத் தாண்டிவிட்டார்கள், வெளிநாட்டு மாணவர்களில் நாம்தான் முதலிடம். வகுப்பறையில் ஆங்கிலம் போதும், சரி. சாப்பாட்டுக்கூடம், நூலகம், தேர்வு அலுவலகம், விடுதிப் பொறுப்பாளர், தபால்காரர் என்று வகுப்பறைக்கு வெளியே கால் வைத்ததும் எல்லாம் ஜெர்மன்தான்.

முதலில் விவரம். செவ்வாய், வியாழன் மாலை தலா 90 நிமிடம், 14 வாரம், வகுப்பில் 22 பேர். கட்டணம் 45 யூரோ, பாடப்புத்தகம் தனி. வருகை குறைந்தால் கடைசித் தேர்வுக்கு விடமாட்டார்கள்.

இந்த வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது ஆசிரியை பாடத்தைத் தொடங்கும் முறை. வழக்கமாக நமக்குக் கேள்வியைக் கற்றுக்கொடுப்பார்கள், "இந்தப் புத்தகம் இருக்கிறதா?", "இது எவ்வளவு?" என்று. அதை மனப்பாடம் பண்ணிக்கொண்டு போய்க் கேட்டும் விடுவோம், அந்தப் பக்கத்திலிருந்து நாம் எதிர்பார்க்காத ஒரு பதில் வரும், அங்கே முடிந்தது கதை. இவர் பதிலிலிருந்து ஆரம்பிக்கிறார். நூலகப் பாடத்தன்று முதல் அரை மணி நேரம் நாங்கள் வாயே திறக்கவில்லை. புத்தகம் வேறொருவர் எடுத்துப் போயிருக்கிறார், இங்கேயே உட்கார்ந்துதான் படிக்கலாம், முன்பதிவு செய்துகொள்ளுங்கள், இரண்டாம் மாடியில் இருக்கிறது, பையை லாக்கரில் வைத்துவிட்டு வாருங்கள் என்று நூலகத்தில் உண்மையில் வரக்கூடிய பதில்களை அவர் விதவிதமாகச் சொல்லிக்கொண்டே இருக்க, எந்தப் பதில் எந்தப் படத்துக்குப் பொருந்தும் என்று நாங்கள் அட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும். முதல் சுற்று மெதுவாக, இரண்டாவது சாதாரண வேகம், மூன்றாவது சுற்றில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கணினியைப் பார்த்தபடி முணுமுணுக்கும் ஊழியர் மாதிரியே சொல்வார். அன்று கற்றுக்கொண்ட ஒரு சொல் இன்று வரை கை கொடுக்கிறது: "லைடர்". வருத்தம் தெரிவிக்கும் சொல். பதிலின் நடுவில் அது காதில் விழுந்துவிட்டால் கேட்டது கிடைக்காது என்று அர்த்தம், மீதி வாக்கியம் புரியாவிட்டாலும் அடுத்து என்ன செய்வது என்று யோசிக்க ஆரம்பித்துவிடலாம்.

நான்காவது வாரம் எங்கள் எல்லோரையும் மென்சாவுக்குக் கூட்டிப் போனார். மென்சா என்றால் பல்கலைக்கழகச் சாப்பாட்டுக்கூடம். அன்று மாலை வகுப்புக்குப் பதிலாகக் காலை பதினொன்றுக்கு, கூட்டம் வருவதற்கு முன்னால். ஒவ்வொருவராகத் தட்டை எடுத்துக்கொண்டு போய் ஜெர்மனில் மட்டும் கேட்டு வாங்க வேண்டும், ஆங்கிலம் கிடையாது. நான் அசைவம் சாப்பிடுவதில்லை, அதனால் "இஸ்ட் டா ஃப்ளைஷ் ட்ரின்?", அதாவது இதில் இறைச்சி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டிய அந்த அம்மா உடனே "வெல்ஷே பைலாகே?" என்றார். கூடச் சாப்பிட என்ன வேண்டும் என்று கேட்கிறார், சோறா, உருளைக்கிழங்கா என்று. முந்தின வாரம்தான் அந்தப் பதிலைப் பழகியிருந்ததால் "ரைஸ், பிட்டே" என்று சட்டென்று வந்துவிட்டது. கரண்டி நிறைய சோறு விழுந்தது. சந்தோஷமாக அடுத்த இடத்துக்கு நகர்ந்தேன்.

சிக்கல் காசாளரிடம். "ட்ரை ஃப்யூன்ஃப்-உண்ட்-நொய்ன்ட்சிஷ்" என்றார். ஜெர்மனில் 95 சொல்ல 'ஐந்தும் தொண்ணூறும்' என்று ஒன்றாம் இடத்தை முதலில் சொல்வார்கள். என் காதில் முதலில் ஐந்து விழுந்தது, பிறகு ஒன்பது விழுந்தது, 3.59 என்று நினைத்துக் கை தானாக 3.60 எடுத்து நீட்டியது. வேண்டியது 3.95. பின்னால் வரிசையில் நின்ற ஆசிரியை எதுவும் சொல்லாமல் காத்திருந்தார். "வீ பிட்டே?" என்று கேட்டேன். என்ன சொன்னீர்கள் என்பதற்கு அந்த இரண்டு சொல் போதும். காசாளர் திருப்பிச் சொன்னார், இந்த முறை பிடித்துவிட்டேன். அடுத்த நான்கு வாரம் ஒவ்வொரு வகுப்பின் முதல் பத்து நிமிடமும் எண்கள்தான். அவர் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதுவோம், விலை, அறை எண், தொலைபேசி எண், மாணவர் பதிவு எண் என்று மாற்றி மாற்றி. ஒரு தோழர் நல்ல உத்தி சொன்னார், எண்ணை எழுதும்போது வலப்பக்க இலக்கத்தை முதலில் எழுதிவிட்டு இடப்பக்கம் பிறகு எழுதுவது. எனக்கு இப்போது அது தேவைப்படுவதில்லை, ஆனால் ஆரம்பத்தில் மிகவும் உதவியது.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இந்த மொழியில் சில இடங்கள் எவ்வளவு இயல்பாக வருகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும், திருச்சியில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அங்கே எல்லாவற்றையும் ஆங்கிலம் வழியாகத்தான் விளக்கினார்கள். குளிருது என்பதை ஆங்கில வழியில் யோசித்து "இஷ் பின் கல்ட்" என்று சொன்னால், நான் இரக்கமில்லாதவள் என்பது போல ஆகிவிடும். ஜெர்மன்காரர் சொல்வது "மியர் இஸ்ட் கல்ட்". மியர் என்றால் எனக்கு. எனக்குக் குளிருது! நாம் தினமும் பேசுவது போலவேதான். எனக்குப் பிடித்திருக்கிறது, எனக்கு வலிக்கிறது என்பவையும் இதே மாதிரி 'எனக்கு'தான். அவர்களுக்கு வேற்றுமை நான்கு, நமக்கு எட்டு. ஐ உருபும் கு உருபும் எங்கே வரும் என்று பள்ளியில் படித்தது நினைவிருந்தால் வகுப்பில் மற்றவர்கள் திணறுகிற இடத்தில் பாதித் தூரத்தைச் சுலபமாகக் கடந்துவிடலாம். 'ஏனென்றால்' என்று காரணம் சொல்லும் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும், அதுவும் நமக்குப் புதிதில்லை.

டு, ஸீ என்ற இரண்டும் நம் நீ, நீங்கள் மாதிரிதான், ஆனால் பயன்படுத்தும் இடம் வேறு. மாணவர்கள் தங்களுக்குள், முன்பின் தெரியாதவராக இருந்தாலும், ஐந்து வயது மூத்தவராக இருந்தாலும் டு தான். அலுவலகத்திலும் பேராசிரியரிடமும் ஸீ. ஆய்வகத்தில் முனைவர் பட்டம் படிக்கும் அண்ணன் ஒருவரிடம் நான் இரண்டு மாதம் ஸீ போட்டே பேசிக்கொண்டிருந்தேன், வாய் வரவில்லை. அவர்தான் ஒரு நாள் டு என்றே கூப்பிடச் சொன்னார். இந்தக் கூச்சம் நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கும் இருக்கும், வகுப்பில் இதற்கென்று ஒரு முழு நாள் ஒதுக்கியது நல்லது.

தேர்வு அலுவலகப் பாடம்தான் இந்த வகுப்பிலேயே அதிகம் பயன் தந்தது என்பேன். இங்கே பருவத் தேர்வுகளுக்கு நாமே பதிவு செய்துகொள்ள வேண்டும், வகுப்புக்குப் போனால் மட்டும் பெயர் தானாக வந்துவிடாது. பதிவு செய்வது அன்மெல்டன், பதிவிலிருந்து விலகுவது அப்மெல்டன். வித்தியாசம் அந்த முதல் அசை மட்டும்தான். பேசும்போது அந்த அசை பிரிந்து வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும்: "மெல்டன் ஸீ ஸிஷ் பிஸ் ஃப்ரைட்டாக் அப்." வெள்ளிக்கிழமைக்குள் விலகிக்கொள்ளுங்கள் என்கிறார். அந்த 'அப்' விழும் வரை பதிவு செய்யச் சொல்கிறாரா, விலகச் சொல்கிறாரா என்று தெரியாது. நாளைக்கு வர வேண்டும், வர வேண்டாம் என்று நாமும் கடைசியில்தான் முடிவைச் சொல்கிறோம், அதனால் முடியும் வரை காத்திருக்கத் தமிழ்க் காதுக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. ஜனவரியில் ஒரு பாடத்துக்குப் பெயர் விட்டுப்போய் அந்த அலுவலகச் சன்னலில் நின்றபோது, அங்கிருந்த ஊழியர் சொன்ன கெடு நாளும் கடைசி அசையும் இரண்டும் எனக்குச் சரியாகக் கேட்டன. திரும்பி வரும்போது அம்மாவுக்குப் போன் போட்டு அதைத்தான் முதலில் சொன்னேன்.

இனி குறைகள். 22 பேர் அதிகம். ஒரு மாலையில் ஒருவருக்குப் பேச மூன்று நான்கு நிமிடம் கிடைத்தால் பெரிது. ஆசிரியை இல்லாத இரண்டு வாரம் வேறொருவர் வந்தார், புத்தகத்தைத் திறந்து கோடிட்ட இடங்களை நிரப்பச் சொன்னதோடு சரி. பாடப்புத்தகமும் எனக்குப் பிடிக்கவில்லை, பாதிப் பாடங்கள் ஓட்டல் அறை எடுப்பது, சுற்றுலா போவது என்றிருக்கின்றன, ஆசிரியை தயாரித்துத் தந்த தாள்கள்தான் வகுப்பைக் காப்பாற்றின. அவற்றை ஒரே தொகுப்பாக மொழி மையமே அச்சிட்டால் எத்தனையோ பேருக்கு உதவும். இணையவழிப் பயிற்சியில் உம்லாவுட், அதாவது சில ஜெர்மன் உயிரெழுத்துகளின் மேல் வரும் இரட்டைப் புள்ளி, விட்டுப்போனால் முழு விடையும் தவறு என்று காட்டுவது, இந்திய விசைப்பலகை வைத்திருப்பவர்களைத் தேவையில்லாமல் சோர்வாக்குகிறது.

தொலைபேசிப் பேச்சுக்கு ஒரு பாடமும் இல்லை, இது பெரிய குறை. பல் மருத்துவரிடம் நேரம் கேட்கப் போன் எடுத்தால் எதிரில் முகமும் இல்லை, கையசைவும் இல்லை. எண் சொல்லும்போது இரண்டை ட்ஸ்வை என்று சொல்லாமல் ட்ஸ்வோ என்பார்கள், மூன்றோடு குழம்பக் கூடாது என்பதற்காக. அது கூட வெளியில்தான் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்று இந்தப் பக்கத்துப் பேச்சு. வகுப்பில் எட்டே காலுக்கு 'எட்டுக்குப் பிறகு கால்' என்று சொல்லித் தந்தார்கள். இங்கே தெருவில் "ஃபியர்ட்டெல் நொய்ன்" என்கிறார்கள், ஒன்பதில் கால். எட்டரை ஒன்பதில் அரை, எட்டே முக்கால் ஒன்பதில் முக்கால். கால், அரை, முக்கால் என்று நாம் எண்ணுகிற அதே வரிசைதான், ஒன்பதாவது மணியில் எவ்வளவு கழிந்தது என்று கணக்கு. இப்படி ஒருமுறை விளங்கியதும் அந்த ஹல்ப் நொய்ன் எனக்கு மறுபடி தவறவே இல்லை. அதே போல 'ஆமாம்' என்பதற்கு சாக்சனிக்காரர்கள் "நு" என்பார்கள். அது ஏதோ மறுப்பு என்று நினைத்து ஒரு ரொட்டிக் கடையிலிருந்து வெறுங்கையோடு வந்திருக்கிறேன். உள்ளூர் பேச்சுக்கு ஒரே ஒரு மாலை ஒதுக்கினாலும் போதும்.

யாருக்கு இது பொருந்தும் என்றால், வந்து முதல் ஆண்டில் இருப்பவர்களுக்கு, கையில் சான்றிதழ் இருந்தாலும் இல்லாவிட்டாலும். பகுதிநேர வேலைக்காகவே மொழி படிக்கிறவர்களுக்கு இது ஆரம்பம் மட்டும்தான், துறை சார்ந்த வேலைகளுக்குப் பெரும்பாலும் பி1 என்ற இடைநிலைக்கு மேல் கேட்கிறார்கள். ஊரில் இருந்தபடியே தயாராகிறவர்கள் டாய்ச்சே வெல்லே என்ற ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனத்தின் இலவசப் பாடங்களைக் கேட்டுக்கொண்டு வாருங்கள், கேட்பதற்கு அதிக நேரம் கொடுங்கள், எழுத்துப் பயிற்சி பிறகு பார்த்துக்கொள்ளலாம். யாரையாவது எண்களை வேகமாகச் சொல்லச் சொல்லி எழுதிப் பாருங்கள்.

பதிவு அக்டோபர் முதல் வாரம் இணையத்தில் திறக்கும். எங்கள் பிரிவு இருபது நிமிடத்தில் நிரம்பிவிட்டது, காத்திருப்போர் பட்டியலில் இருந்த இருவருக்கு மூன்றாம் வாரம்தான் இடம் கிடைத்தது. அதனால் மாணவர் எண் கைக்கு வந்த அன்றே கணக்கைத் தொடங்கி வைத்துவிடுங்கள். நான் ஏப்ரலில் ஏ1 இரண்டாம் பாதிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன், அதே ஆசிரியை, திங்கள், புதன் மாலை. மதுரைத் தோழியும் முதல் பாதியில் சேர்ந்திருக்கிறாள்.