குயீன் மேரியில் தங்கலாமா?

கலிபோர்னியாவின் லாங் பீச்சில் நிற்கும் குயீன் மேரி கப்பல் ஓட்டலில் ஓர் இரவு தாராளமாகத் தங்கலாம். ஆனால் அறையைப் பார்த்து எடுக்க வேண்டும், ஒரு பகல் முழுவதையும் கப்பலுக்கே ஒதுக்க வேண்டும். வெறும் படுக்கையும் குளியலறையும்தான் தேவை என்றால் அதே ஊரில் இதைவிட வசதியான ஓட்டல்கள் நிறைய இருக்கின்றன.

மெயின், ஏ, பி ஆகிய மூன்று தளங்களில் சுமார் 350 அறைகள். விலை குறைவாகத் தெரிவது உள்பக்க அறை; அதற்குச் சன்னலே கிடையாது. அதை எடுத்தால் கப்பலில் தங்கியதற்கு அடையாளமே இருக்காது. கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து வட்டச் சன்னல் உள்ள அறையை எடுங்கள். அப்போதும் பால்கனி கிடையாது, பெரிய வெளிச்சமும் வராது. 1930களில் அட்லாண்டிக்கைக் கடந்தவர்களுக்குக் குளிர்காற்றைத் தடுப்பதுதான் முக்கியம். சன்னல்கள் அந்தக் கணக்கில் வைத்தவை. சுவரில் இருப்பது பழைய மரப்பலகை. அதை நின்று பார்த்து ரசிக்கலாம், ஆனால் அது சத்தத்தைத் தடுக்காது. பக்கத்து அறைப் பேச்சும் மேல்தளத்தில் பெட்டி உருளும் ஓசையும் கேட்கும். லிஃப்டுக்கும் மாடிப்படிக்கும் தள்ளி அறை கேளுங்கள்.

பழைய குளியல் தொட்டி இருக்கும் அறை கிடைத்தால் குழாய்களைக் கவனியுங்கள். நல்ல தண்ணீருக்கு வெந்நீர், குளிர்நீர் என்று இரண்டு. கடல்நீருக்கும் அதேபோல் இரண்டு. அந்தக் காலத்தில் உப்புநீர்க் குளியல் உடம்புக்கு நல்லது என்று கருதினார்கள், கப்பலில் நல்ல தண்ணீரும் அளந்துதான் கிடைக்கும். உப்புநீர்க் குழாய்கள் இப்போது வேலை செய்யாது, திருகி உடைத்துவிடாதீர்கள். தாழ்வாரம் முனைகளை நோக்கி மெல்ல மேலேறுவதைக் கண்டு கப்பல் கோணிவிட்டது என்று பயப்படவும் வேண்டாம். அலையை ஏறிக் கடக்க முன்னும் பின்னும் உயர்த்திக் கட்டிய வளைவு அது. சக்கரப் பெட்டியைப் பிடித்து நடக்கும்போது கைக்கு நன்றாகத் தெரியும்.

பொது இடங்களில் தவறவிடக் கூடாதது முதல் வகுப்புச் சாப்பாட்டுக் கூடம், இன்று கிராண்ட் சலூன். அதன் சுவரில் ஓவியர் மெக்டொனால்ட் கில் வரைந்த வட அட்லாண்டிக் வரைபடம் இருக்கிறது. கோடைக்கு ஒன்று, பனிப்பாறை மிதக்கும் மாதங்களுக்குத் தெற்கே தள்ளி ஒன்று என இரண்டு பாதைகள். கப்பல் ஓடிய காலத்தில், படிகக் கண்ணாடியில் செய்த குட்டிக் கப்பல் அந்தப் பாதையில் நகர்ந்து, கப்பல் அன்று எங்கே இருக்கிறது என்பதைச் சாப்பிடுகிறவர்களுக்குக் காட்டியது. கல்யாணம், விருந்து என்று கூடத்தை அடிக்கடி அடைத்துவிடுவார்கள். வந்து இறங்கியதும் வரவேற்பில் கேட்டு, திறந்திருக்கும் நேரத்தில் முதலில் அதைப் பார்த்துவிடுங்கள். மாலைக்கு முன்பக்கத்து அப்சர்வேஷன் பார் நல்ல இடம். அரைவட்டக் கூடம், 1930களின் அலங்காரம் பெருமளவு அப்படியே இருக்கிறது.

இனி, தங்குகிறவர் கண்ணில் படாத கீழ்ப்பகுதி. இந்தக் கப்பலை மதிப்பிட வேண்டிய இடம் அதுதான்.

ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் ஜான் பிரவுன் தளத்தில் கட்டி, 1934இல் நீரில் இறக்கி, 1936 மே மாதம் முதல் பயணம் புறப்பட்ட கப்பல் இது. நீளம் சுமார் 310 மீட்டர். வெல்டிங் அல்ல, ரிவெட் அடித்த எஃகுத் தகடுகள். லாங் பீச் நகரம் 1967இல் 34.5 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஓட்டலாக மாற்றும்போது 27 கொதிகலன்களையும் முன் எஞ்சின் அறையையும் வெட்டி எடுத்துவிட்டார்கள். கொதிகலன்கள் இருந்த இடம் பெரிய கூடமாகிவிட்டது. புகைபோக்கிகளைக் கழற்றித் தூக்கியபோது அவை நொறுங்கிப்போயின. தகடு துருவாகி, பல அடுக்குப் பெயின்டே அவற்றைப் பிடித்து வைத்திருந்தது. இன்று மேலே தெரியும் மூன்றும் அலுமினியத்தில் செய்த நகல்கள்.

ஓடும் கப்பலைச் சில ஆண்டுக்கு ஒரு முறை உலர்துறையில் (நீரை வடித்துவிட்டுக் கப்பலைப் பழுதுபார்க்கும் துறை) ஏற்றி, அடிப்பகுதியைச் சுரண்டி, தேய்ந்த தகட்டை மாற்றிப் பெயின்ட் அடிப்பார்கள். குயீன் மேரி 1968க்குப் பிறகு உலர்துறை ஏறவே இல்லை. சுற்றிலும் பாறைக் கரை கட்டிவிட்டதால் சுலபமாக வெளியே இழுக்கவும் முடியாது. கெடுதல் இரண்டு பக்கமும் வருகிறது. வெளியே, காற்றும் நீரும் மாறி மாறிப் படும் நீர்மட்டக் கோட்டில் தகடு மெலிகிறது. உள்ளே, மேல்தளத்துத் தேக்குப் பலகை இடுக்குகளில் மழைநீர் இறங்கி, பலகைக்கு அடியில் இருக்கும் எஃகைத் தின்கிறது. மேலே ஒழுகுவதை நிறுத்தாமல் கீழே பெயின்ட் அடிப்பது வீண் செலவு. பல ஆண்டுகள் அந்த வீண் செலவுதான் நடந்தது.

2017இல் வெளியான ஆய்வறிக்கை, பழுதுபார்க்க 23.5 கோடி முதல் 28.9 கோடி டாலர் வரை ஆகும் என்றது. கப்பலைக் குத்தகைக்கு எடுத்திருந்த அர்பன் காமன்ஸ் நிறுவனம் 2021 ஜனவரியில் திவாலானது. நகரம் கொடுத்திருந்த 2.3 கோடி டாலர் தீர்ந்தும் பட்டியலில் இருந்த வேலைகளில் பெரும்பகுதி முடியவில்லை. அதே ஆண்டு வந்த இன்னோர் அறிக்கை, கப்பல் கவிழாமல் இருக்க இன்னும் 2.3 கோடி டாலர் உடனே வேண்டும் என்று எச்சரித்தது. கப்பல் மீண்டும் நகரத்தின் நேரடிப் பொறுப்புக்கு வந்தது.

அதற்குப் பிறகு நடந்தவை பாராட்டத்தக்கவை. அடிவயிற்றில் சேரும் நீரை வெளியேற்ற புதிய பில்ஜ் பம்புகள், நீர் புகுந்தால் உடனே மணியடிக்கும் கருவிகள், மின்சாரம் போனாலும் பம்பை ஓட்ட ஜெனரேட்டர். உயிர்காப்புப் படகுகளில் பெரும்பாலானவற்றை இறக்கினார்கள். படகு இல்லாத கப்பல் மொட்டையாகத் தெரிகிறது என்று ரசிகர்கள் வருந்தினார்கள். வருத்தம் நியாயம், ஆனாலும் செய்தது சரி. ஒவ்வொரு படகும் பல டன். அந்தப் பாரம் பக்கவாட்டுத் தகடுகளை இழுத்து விரிசல் விடவைத்தது. 2023இல் கப்பல் மீண்டும் திறந்தது.

உடைத்துவிட்டால் செலவு மிச்சம் என்று சொல்கிறவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். நகரத்துக்காகச் செய்த மதிப்பீட்டின்படி கப்பலை அப்புறப்படுத்த 10.5 கோடி முதல் 19 கோடி டாலர் ஆகும். 25 ஆண்டுகளுக்குக் காப்பாற்ற 15 கோடி முதல் 17.5 கோடி. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. காப்பாற்றினால் ஓட்டல் வருமானமாவது வரும்.

மற்றக் கப்பல்களின் கதியைப் பார்த்தால் இது அதிர்ஷ்டசாலி. 1952இல் இதன் வேகச் சாதனையை முறியடித்த யுனைடெட் ஸ்டேட்ஸ் கப்பல், பிலடெல்பியாவில் கால் நூற்றாண்டுக்கு மேல் சும்மா நின்றது. ஃபுளோரிடாவின் ஒகலூசா கவுண்டி அதை 10 லட்சம் டாலருக்கு வாங்கியது, கடலடியில் செயற்கைப் பாறைத்திட்டாக மூழ்கடிப்பதற்காக. 2025 பிப்ரவரியில் இழுத்துக்கொண்டு போனார்கள். குயீன் எலிசபெத் 2 துபாய்க்குப் போன பிறகு ஓட்டலாகத் திறக்கப் பத்து ஆண்டு ஆனது. நெதர்லாந்தின் ரோட்டர்டாம் கப்பலுக்கு ஒரு வீட்டுவசதி நிறுவனம் 20 கோடி யூரோவுக்கு மேல் செலவழித்துவிட்டு, 2013இல் சுமார் 3 கோடிக்கு விற்றது. கல்நார் அகற்றும் செலவுதான் அதை விழுங்கியது. ஆனால் எஞ்சின் அறையோடு பத்திரமாக நிற்பதில் அதற்கு இணை இல்லை. ஐரோப்பா போகிறவர்கள் அங்கே தங்கலாம். நம் பக்கத்துக் கதையும் தெரிந்ததே: பிரெஞ்சுப் பயணக் கப்பலாகப் பிறந்து சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய சிதம்பரம், 1985இல் தீப்பிடித்த பிறகு பம்பாயில் உடைபட்டது. அதில் ஏறிப்போனவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காட்ட கப்பல்தான் இல்லை.

சுற்றுலா நுழைவுச் சீட்டுகளில் பேய்க்கதைச் சுற்றுக்குத்தான் விளம்பரம் அதிகம். அதை விட்டுவிட்டு எஞ்சின் அறைச் சுற்றை எடுங்கள். எஞ்சியிருக்கும் பின் எஞ்சின் அறையில் டர்பைன்களைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். அங்கிருந்து கப்பலின் உடலோடு ஒட்டவைத்த இரும்புப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தால், நான்கில் மிஞ்சிய ஒரே புரொப்பல்லர் நீருக்குள் தெரியும். படிகள் செங்குத்து, தரையில் இரும்புச் சட்டம். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் மேல்தளச் சுற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வண்டி நிறுத்தக் கட்டணம் அறை வாடகையில் சேராது; அது வேண்டாம் என்றால் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து மெட்ரோ ஏ லைனில் டவுன்டவுன் லாங் பீச் வந்து, அங்கிருந்து நகரப் பேருந்தில் கப்பல் வாசலுக்கே போகலாம்.